கியோட்டோவில் எங்கே தங்குவது?

கியோட்டோவுக்கு விமான டிக்கெட் எடுத்த கையோடு எல்லோரும் செய்யும் அடுத்த வேலை தங்க இடம் தேடுவது. முன்பதிவுத் தளத்தைத் திறந்தால் ஒரே இரவுக்கு மூன்று விதமான விலை கண்ணில் படும். ஹாஸ்டலில் ஒரு படுக்கை மூவாயிரம், நாலாயிரம் யென். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் அறை பத்திலிருந்து பதினைந்தாயிரம் யென். மரத்தால் கட்டிய பழைய ஜப்பானிய விடுதியான ரியோகான் என்றால் முப்பதாயிரம் யென்னுக்கு மேல், அதுவும் ஒரு ஆளுக்கு. சீசனைப் பொறுத்து இவையெல்லாம் ஏறும், இறங்கும். நம் பணத்தில் கணக்குப் போட்டதும் பாதிப் பேர் ரியோகான் பக்கமே திரும்புவதில்லை. மீதிப் பேரில் சிலர், ஜப்பான் வரை போய்விட்டு இதைப் பார்க்காமல் வருவதா என்று எல்லா இரவுக்கும் ரியோகானையே எடுத்துவிடுகிறார்கள். இரண்டு முடிவுமே அவசரத்தில் எடுத்தவை.

விலையை மட்டும் வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடவே முடியாது. ஹோட்டல் விற்பது அறையை. அதில் ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் வாடகை பெரிதாக மாறாது. ஹாஸ்டல் விற்பது படுக்க ஓர் இடத்தை. ரியோகான் விற்பது மாலை மூன்று மணியிலிருந்து மறுநாள் காலை பத்து மணி வரையிலான பொழுதை: குளியல், இரவுச் சாப்பாடு, விரித்துத் தரும் படுக்கை, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து. அதனால்தான் அங்கே அறைக்கு விலை சொல்லாமல் ஆளுக்கு விலை சொல்கிறார்கள். ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட, சாயங்காலத்துக்குப் பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பதுதான்.

இந்தப் பிரிவினை நேற்று வந்ததல்ல. எடோ காலத்தில், இன்றைய தோக்கியோவான எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தோக்காய்தோ நெடுஞ்சாலையில் 53 தங்குமிட ஊர்கள் இருந்தன. கியோட்டோவில் அந்தச் சாலை முடிந்த இடம் சான்ஜோ பாலம். வழியில் பிரபுக்கள் தங்குவதற்குத் தனி மாளிகைகள். சாதாரணப் பயணிகளுக்கு ‘ஹதாகோ’ என்ற விடுதிகள்; அங்கே இரவும் காலையும் சாப்பாடு போடுவார்கள். அதற்கும் வசதியில்லாதவர்கள் ‘கிச்சின்-யாதோ’வில் தங்கினார்கள். அரிசியைத் தாங்களே கொண்டுபோய், விறகுக்கு மட்டும் காசு கொடுத்துச் சமைத்துக்கொள்ள வேண்டும். ஹதாகோவின் வழிவந்ததுதான் இன்றைய ரியோகான். ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. பொதுச் சமையலறையும் வரிசையான படுக்கைகளும் உள்ள ஹாஸ்டல் அந்த விறகுக் காசு விடுதியை நினைவூட்டுகிறது. ஹோட்டல் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கத்தியரோடு வந்து சேர்ந்தது.

ரியோகானில் ஒரு மாலை எப்படிக் கழியும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லத்தான் வேண்டும். அது தெரியாமல் அந்த விலை நியாயமா, அநியாயமா என்று முடிவு கட்ட முடியாது.

வாசலில் ஒரு படி உயரமாக இருக்கும். செருப்பு அந்தப் படிக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். நடைபாதையில் போட்டுக்கொள்ள மெல்லிய ஸ்லிப்பர் தருவார்கள். அறையில் தத்தாமிப் பாய் தொடங்கும் இடத்தில் அதையும் கழற்றிவிட வேண்டும். கழிவறைக்குத் தனி ஸ்லிப்பர். அதைப் போட்டுக்கொண்டே அறைக்குள் வந்துவிடுவதுதான் புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அறையில் மேசை தவிர மரச்சாமான் அதிகம் இருக்காது. சுவரில் ஓர் ஓவியச் சுருளும் கீழே ஒரு பூச்சாடியுமாக உயர்த்திக் கட்டிய மாடம் இருக்கும். பெட்டி வைக்க வசதியான இடம் என்று பார்த்தால் தோன்றும். அங்கே எதையும் வைக்கக் கூடாது. உட்கார்ந்ததும் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வரும். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று அப்போதே கேட்டுக்கொள்வார்கள்.

அலமாரியில் ‘யுகாத்தா’ என்ற பருத்தி அங்கி மடித்து வைத்திருக்கும். அணியும்போது இடது பக்கம் மேலே வரவேண்டும். வலதை மேலே போட்டுக் கட்டுவது இறந்தவர்களுக்குத்தான். பிறகு குளியல். ஒரு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் அழுக்குப் போக்க அல்ல, ஊறிக் கிடக்க. சூடு நாற்பது டிகிரிக்கு மேல் இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியலறைகள் என்றாலும் உள்ளே உடை கிடையாது. கூச்சமாக இருந்தால், குடும்பமாகப் பூட்டிக்கொண்டு குளிக்கும் அறை உண்டா என்று முன்பே கேட்கலாம். பல இடங்களில் உண்டு. பச்சை குத்தியவர்களைப் பொதுக் குளியலில் அனுமதிக்காத விடுதிகள் இன்னும் இருக்கின்றன. அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறு மணி வாக்கில் சாப்பாடு. ‘காய்செகி’ என்ற இந்த விருந்தில் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: ஒரு வாய்க்கு ஒன்றாகச் சில தொடக்க வகைகள், தெளிந்த ரசம் போன்ற ஒரு சூப், பச்சை மீன், சுட்டது, வேகவைத்தது. கடைசியில் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும் வந்தால் முடியப்போகிறது என்று பொருள். கோடையில் வந்தால் ‘ஹாமோ’ என்ற விலாங்கு வகை மீன், குளிர்காலத்தில் சூடான டோஃபு என்று பருவம் தட்டிலேயே தெரியும். சாப்பாடு முடிவதற்குள் மேசை ஒதுங்கி, பாயின்மேல் ‘ஃபுத்தோன்’ மெத்தை விரித்தாகிவிடும். இத்தனையும் செய்ய ஆள் வேண்டும். பரிமாறி, படுக்கை போட்டு, காலையில் வாசல்வரை வந்து வணங்கி அனுப்பும் பணிப்பெண்களுக்கும், இதையெல்லாம் மேற்பார்க்கும் ‘ஒகாமி’ என்ற விடுதித் தலைவிக்குமான கூலிதான் அந்த முப்பதாயிரத்தில் பெரும்பங்கு. அந்த ஆட்கள் கிடைக்காததும், தொழிலை எடுத்து நடத்த அடுத்த தலைமுறை வராததும் ரியோகான்கள் மூடப்படுவதற்குப் பெரிய காரணங்கள். 1980 வாக்கில் ஜப்பான் முழுவதும் 80,000க்கு மேல் இருந்த ரியோகான்கள் 2017இல் 40,000க்கும் கீழே வந்துவிட்டன. கியோட்டோவின் ஃபுயாச்சோ தெருவில் எதிரெதிரே நிற்கும் தவாராயாவும் ஹீராகியாவும் இன்னும் நடக்கின்றன. ஹீராகியா 1818இல் தொடங்கியது. நோபல் பரிசு பெற்ற கவாபத்தா யாசுநாரி அதன் வாடிக்கையாளர். அங்கெல்லாம் வாடகை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. ஆனால் அதே முறையை எளிமையாக நடத்தும் சிறிய ரியோகான்கள் நகரம் முழுக்க இருக்கின்றன.

ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்றால் ஊர் பார்ப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. கியோட்டோவில் இந்த இழப்பு நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல. பெரும்பாலான கோயில்கள் மாலை ஐந்து மணி வாக்கிலேயே மூடிவிடும். இரவிலும் திறந்திருப்பது ஃபுஷிமி இனாரி போன்ற சில தலங்கள்தான். இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது: பொன்தோச்சோ சந்தில் விளக்குகள் ஏற்றும் நேரத்தில் நடப்பது, காமோ ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பது, நினைத்த கடையில் நுழைந்து சாப்பிடுவது. இவற்றுக்காகத்தான் போகிறோம் என்பவர்களுக்கு ரியோகான் ஒரு கட்டாகத் தெரியும்.

சைவ உணவுக்காரர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானியச் சமையலில் சூப்பு, குழம்பு, வேகவைத்த காய் என எல்லாவற்றுக்கும் அடிப்படை ‘தாஷி’ என்ற சாறு. அதில் பெரும்பாலும் உலர்த்திச் சீவிய சூரை மீன் சேரும். ‘மீன் வேண்டாம், கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் வேகவைத்த முள்ளங்கியை வைப்பார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அவர்கள் கணக்கில் அது காய்தான். ‘மீன் சேர்த்த தாஷியும் ஆகாது, கடற்பாசியிலோ காளானிலோ எடுத்த சாறு மட்டும்’ என்று முன்பதிவின்போதே தெளிவாக எழுதிவிட வேண்டும். சில நாள் அவகாசம் இருந்தால் செய்து தரும் இடங்கள் உண்டு. முடியாது என்று நேராகச் சொல்லும் இடங்களும் உண்டு. அந்தப் பதிலை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்போது ‘சுதோமாரி’ என்று கேட்டால் சாப்பாடு இல்லாமல் தங்க மட்டும் இடம் தருவார்கள். விலையும் நன்றாகக் குறையும்.

இன்னொரு வழி, கோயில் விடுதி. ‘ஷுகுபோ’ என்பார்கள். புத்தத் துறவிகளின் ‘ஷோஜின்’ சமையலில் மீனும் இறைச்சியும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. கியோட்டோ நகரத்துக்குள் சிஷாகு-இன் கோயிலில் தங்கி விடியற்காலைப் பூஜையில் உட்காரலாம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் கோயாசான் மலைக்கே போகலாம். அங்கே ஐம்பது கோயில்கள் வாக்கில் விருந்தினரை ஏற்கின்றன. சைவக் குடும்பம் ஒன்று ரியோகானுக்கா, கோயில் விடுதிக்கா என்று கேட்டால் தயங்காமல் கோயில் விடுதியைச் சொல்வேன். இல்லாத ஒன்றை நமக்காகச் செய்யச் சொல்லிக் கேட்பதைவிட, நமக்குப் பொருந்தும் சமையலை நூற்றாண்டுகளாகச் செய்துவருபவர்களிடம் போவது இரு தரப்புக்கும் நல்லது. தங்க முடியாதவர்கள் அராஷியாமாவில் தென்ரியு-ஜி கோயிலுக்குள் இருக்கும் ஷிகெத்சுவில் மதியச் சாப்பாடாவது சாப்பிட்டுப் பார்க்கலாம்.

முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்களும் யோசிக்க வேண்டும். தரையில் படுப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் தாழ்ந்த மேசைக்கு முன் ஒன்றரை மணி நேரம் காலை மடித்து உட்காருவதும், ஃபுத்தோனிலிருந்து நள்ளிரவில் எழுந்து கழிவறைக்குப் போவதும் எழுபது வயதில் சிரமம். சாப்பாட்டுக்கு நாற்காலி, படுக்கக் கட்டில் தரும் ரியோகான்கள் இப்போது கூடிவருகின்றன. கேட்டுத் தெரிந்துகொண்டு பதிவு செய்வது நல்லது. மாறாக, சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்குத் தத்தாமி அறையைப்போல வசதி வேறில்லை. உருண்டாலும் விழ உயரம் கிடையாது. நாலைந்து பேர் ஒரே அறையில் வரிசையாகப் படுத்துக்கொள்ளலாம்.

அந்த வசதி ஹோட்டலில் கிடைக்காது. ஜப்பானில் நடுத்தர விலைக்குக் கிடைப்பது ‘பிசினஸ் ஹோட்டல்’. அறை பன்னிரண்டிலிருந்து பதினைந்து சதுர மீட்டர் இருக்கும். ‘செமி-டபுள்’ என்று போட்டிருந்தால் கட்டில் அகலம் சுமார் 120 சென்டிமீட்டர். இருவருக்கு அது நெருக்கடி. இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கத் தரையில் இடம் இருக்காது. குளியலறை தொட்டியும் தரையும் சுவரும் ஒரே வார்ப்பாகத் தொழிற்சாலையில் செய்து பொருத்தியது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்காக நியூ ஒத்தானி ஹோட்டலை அவசரமாகக் கட்டியபோது தோத்தோ நிறுவனம் உருவாக்கிய முறை இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது.

இவ்வளவு குறுகல் என்றாலும் பிசினஸ் ஹோட்டலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அறை சுத்தமாக இருக்கும், இரவு எத்தனை மணிக்கும் வரலாம், சாப்பாட்டைப் பற்றி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், கீழே காசு போட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும். விடியற்காலை ரயில் பிடிக்க வேண்டியவர்களுக்கும், நாள் முழுக்க நடந்துவிட்டு விழுந்து தூங்கினால் போதும் என்பவர்களுக்கும் இதுவே சரி. நாலு பேர் குடும்பம் மட்டும் இரண்டு அறை எடுக்க வேண்டிவரும். அந்தக் கூட்டலைப் போட்ட பிறகே ரியோகான் விலையோடு ஒப்பிட வேண்டும். ஹோட்டலைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது இடம்தான். கியோட்டோவின் பேருந்துகள் நிரம்பி வழிகின்றன. பெட்டியோடு ஏற முயல்வது உள்ளூர்க்காரர்களுக்கும் தொல்லை. ஆகவே கியோட்டோ நிலையம், ஷிஜோ-கராசுமா போன்று ரயிலோ சுரங்க ரயிலோ நடந்துபோகும் தூரத்தில் உள்ள இடமாகப் பார்த்து எடுங்கள். வானளாவிய கட்டடத்தின் உச்சியிலிருந்து காட்சி என்று எதிர்பார்க்க வேண்டாம். மலைகளும் கோபுரங்களும் மறையக் கூடாதென்று 2007இல் நகர மையத்தில் கட்டட உயரத்தை 31 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள்.

ஹாஸ்டல் பற்றி நம் ஊரில் இருக்கும் அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. அடுக்குக் கட்டில், அதற்கொரு திரை, தலைமாட்டில் விளக்கும் சார்ஜ் போட ஒரு பிளக்கும், பூட்டி வைக்க லாக்கர். பெண்களுக்கு மட்டுமான அறைகள் பல இடங்களில் உண்டு. 1979இல் கட்டடக் கலைஞர் குரோகாவா கிஷோ வடிவமைத்து ஒசாகாவில் திறந்த கேப்சூல் ஹோட்டல் இந்த வகையின் இன்னொரு கிளை. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலர்களுக்காகப் பெருகியவை அவை. கேப்சூலில் படுக்கை மட்டும்தான். பெட்டி வேறு அறையில் இருக்கும், உள்ளே பேசக் கூடாது. கணவன் மனைவி என்றாலும் பல இடங்களில் தனித்தனித் தளம்.

தனியாகப் போகிறவர்களுக்கு ஹாஸ்டல்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பல ரியோகான்கள் ஒற்றை ஆளுக்கு அறை தருவதில்லை. தந்தாலும் விலை கூடுதல். ஹாஸ்டல் பொது அறையில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும். சமையலறை உள்ள ஹாஸ்டல் என்றால் சைவக்காரருக்கு அது வரம்: பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் அரிசியும் டோஃபுவும் கியோட்டோ கத்தரிக்காயும் வாங்கி, கொண்டுபோன மிளகாய்ப்பொடியில் ஒரு வேளையைச் சமாளித்துவிடலாம். சில இடங்களில் ‘மாச்சியா’ என்ற பழைய மரவீடுகளை விடுதியாக்கியிருப்பார்கள். தெருப்பக்கம் குறுகி உள்ளே நீண்டு போகும் அந்த வீடுகளில் தங்குவது அழகான அனுபவம். ஆனால் மாடிப்படி ஏணிபோலச் செங்குத்தாக இருக்கும். சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டார் இருமினால் கேட்கும். நாம் பேசுவதும் அவர்களுக்குக் கேட்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்தப் பக்கத்து வீட்டாரைப் பற்றி இரண்டு வார்த்தை. கியோட்டோ மக்கள் சுற்றுலாக் கூட்டத்தால் களைத்துப்போயிருக்கிறார்கள். வீடுகளை வாடகைக்கு விடுவதை முறைப்படுத்தும் சட்டம் 2018 ஜூன் 15இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 180 நாள்தான் விடலாம். கியோட்டோவில் குடியிருப்புக்கு மட்டுமென ஒதுக்கிய பகுதிகளில் பொதுவாக ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை மட்டுமே. சட்டம் வந்த சமயத்தில் பதிவு எண் இல்லாத வீடுகளை ஏர்பிஎன்பி தளம் நீக்கியதில் பலருடைய முன்பதிவு ரத்தானது. ஆகவே வீடு எடுப்பதானால் பதிவு எண்ணோ உரிம எண்ணோ இருக்கிறதா என்று பார்ப்பது நம் பாதுகாப்புக்கும் நல்லது, அந்தத் தெருவுக்கும் நல்லது.

நகரம் தங்கும் வரியும் வாங்குகிறது. 2018 அக்டோபரில் தொடங்கிய இந்த வரி 2026 மார்ச் முதல் ஏறியிருக்கிறது. சாப்பாடு சேராத தங்கும் கட்டணத்தை வைத்து, ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று கணக்கு: 6,000 யென்னுக்குக் கீழே 200 யென், அதற்கு மேல் 20,000க்குள் 400, 50,000க்குள் 1,000, ஒரு லட்சத்துக்குள் 4,000, அதற்கும் மேலே 10,000 யென். ஹாஸ்டல்காரரைக் கிட்டத்தட்டத் தொடாமல் ஆடம்பரத்தில் பிடிக்கும் இந்த அமைப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. முன்பதிவுத் தொகையில் இது சேராமல் இருக்கலாம். விடுதியில் தனியாகக் கேட்டால் திகைக்க வேண்டாம்.

கியோட்டோவில் ஐந்து இரவு என்றால் நான் சொல்லும் ஏற்பாடு இது. மூன்று இரவு ரயிலுக்குப் பக்கத்தில் ஹோட்டலோ ஹாஸ்டலோ எடுத்து ஊரைச் சுற்றிப் பாருங்கள். நாலாவது இரவை ரியோகானுக்கோ கோயில் விடுதிக்கோ கொடுங்கள். அன்று வேறு திட்டம் எதுவும் வேண்டாம், மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஏழு மணிக்கு ஓடி வந்து சாப்பிட்டு, காலை எட்டு மணிக்குக் கிளம்புவதானால் பாதிப் பணம் வீண். பெரிய பெட்டியை அடுத்த ஊர் ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு ஒரு சின்னப் பையோடு போகலாம். ஹோட்டல் வரவேற்பறையிலேயே இதற்குச் சீட்டு எழுதித் தருவார்கள், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். ஏப்ரல் தொடக்கத்துச் செர்ரிப் பூக்காலம், நவம்பர் கடைசியில் இலை சிவக்கும் வாரங்கள், ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையிலான விடுமுறை, ஜூலை 17, 24 தேதிகளில் கியோன் தேர் ஊர்வலங்கள்: இந்த நாட்களில் எல்லா விலையும் எகிறும், சனிக்கிழமைகளிலும் அப்படித்தான். இடமே கிடைக்கவில்லை என்றால் ரயிலில் பத்து நிமிடத் தூரத்தில் பிவா ஏரிக்கரையில் இருக்கும் ஓத்சுவில் தங்கி வரலாம்.

பயணத் திட்டம் மாறுவதாக இருந்தால் ரியோகானுக்கு முடிந்தவரை முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ஹோட்டலில் காலியான அறையை அன்றே இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். ரியோகானில் உங்கள் பெயருக்கு மீனும் காயும் காலையிலேயே வாங்கியாகிவிட்டது. அதனால்தான் கடைசி நாளில் ரத்து செய்தால் பெரும்பாலும் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்வார்கள். ரயில் தாமதமாகி அரை மணி நேரம் பிந்தினாலும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். சமையலறையில் உங்கள் தட்டுகளை நீங்கள் சொன்ன நேரத்தை வைத்துத்தான் தொடங்கியிருப்பார்கள்.